குழுவில் சேர்த்தும் ஷேர்டு ஃபோல்டர் திறக்கவில்லையா?

அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவரைக் காலையிலேயே குழுவில், அதாவது ஃபோல்டரைத் திறக்க அனுமதி உள்ளவர்களின் பட்டியலில், சேர்த்துவிட்டீர்கள், ஆனாலும் ஷேர்டு ஃபோல்டர் அனுமதி மறுக்கிறது என்கிறீர்கள். பெரும்பாலும் உங்கள் பக்கம் தவறிருக்காது. ஒருவர் எந்தெந்தக் குழுவில் இருக்கிறார் என்பதை விண்டோஸ் லாகின் நேரத்தில்தான் குறித்துக்கொள்ளும். அதன்பிறகு சேர்த்தது அதற்குத் தெரியாது. லேப்டாப்பை மூடித் திறந்தால் போதாது. முழுதாக சைன் அவுட் செய்து மறுபடி உள்ளே வரச் சொல்லுங்கள், அதுவும் அலுவலக நெட்வொர்க்கில் இருக்கும்போதே.

அப்புறம், முதல் நாளே இப்படி நின்றுவிட்டால், பாவம், தான்தான் எதையோ தப்பாக அழுத்திவிட்டோம் என்று நினைத்துக்கொள்வார். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கோப்பைத் திருத்திச் சேமிக்க வையுங்கள். படிக்க மட்டும்தான் அனுமதி என்றால் அப்போதே தெரிந்துவிடும்.