தட்டு விழுந்தால் திரும்புகிறான், கூப்பிட்டால் இல்லை

குழந்தைகளின் காது கேட்கும் திறனைச் சோதிப்பது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு ஆடியாலஜிஸ்ட் பதில் சொல்கிறார்.

என் பையனுக்கு 18 மாதம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எப்போதாவதுதான் திரும்புகிறான். ‘ம்மா’ தவிர வார்த்தை எதுவும் வரவில்லை. ஆனால் தட்டு விழுந்தால் உடனே திரும்புகிறான், குக்கர் விசிலுக்கு அழுகிறான். பிறந்தபோது காது டெஸ்ட் எடுத்து ‘பாஸ்’ என்று எழுதிக் கொடுத்தார்கள். ‘இவன் அப்பாவே மூணு வயசுலதான் பேசினான்’ என்கிறார் மாமியார். காத்திருக்கலாமா?
– வாசகி, திண்டுக்கல்

வேண்டாம். இந்த வாரமே டெஸ்டுக்கு நேரம் வாங்குங்கள். மாமியார் சொல்வது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அப்பா சிறுவனாக இருந்தபோது அவருக்குக் காது எப்படிக் கேட்டது என்று யாரும் அளந்து பார்த்திருக்க மாட்டார்கள், அதனால் அவரை வைத்து மகனுக்குக் கணக்குப் போட முடியாது.

தட்டு விஷயத்துக்கு வருவோம். சாதாரணப் பேச்சு சுமார் 60 டெசிபல். எவர்சில்வர் தட்டு தரையில் விழும் சத்தம் அதைவிட ரொம்பவே அதிகம். 60, 65 டெசிபல் அளவுக்குக் கேட்கும் திறன் குறைந்த குழந்தைகூட அதற்குத் திரும்பும், ஆனால் நீங்கள் பேசுவது அந்தக் குழந்தைக்கு ஏறக்குறைய போய்ச் சேரவே சேராது. போதாததற்கு, தட்டு விழுந்தால் தரை அதிரும், உங்கள் தலை திரும்பும், ஓரக்கண்ணில் நிழல் அசையும், காது மந்தமான பிள்ளைகள் இதையெல்லாம் பிடித்துக்கொள்வதில் பயங்கர கெட்டிக்காரர்கள். இன்னொரு வகையும் உண்டு. தாழ்ந்த சுருதிச் சத்தங்கள் நன்றாகக் கேட்கும், உயர்ந்தவை கேட்காது. மேளமும் பஸ் ஹார்னும் அந்தக் குழந்தைக்குக் கேட்கும், யாரோ கூப்பிடுவதும் தெரியும், ஆனால் ‘படி’ என்றீர்களா ‘கடி’ என்றீர்களா என்பது பிடிபடாது. வீட்டில் கைதட்டி, கிண்ணம் தட்டிப் பார்த்து ‘கேக்குது, கேக்குது’ என்று முடிவு கட்டுவதை நான் கடுமையாக எதிர்ப்பது இதனால்தான். அந்தத் தைரியத்தில் ஒரு வருஷம் போய்விடுகிறது.

‘பாஸ்’ சீட்டு அன்றைய தேதிக்கு மட்டும்தான். பிறந்த குழந்தைக்குப் பெரும்பாலும் எடுப்பது ஓ.ஏ.இ. காதில் சின்ன ரப்பர் முனையை வைத்துச் சத்தம் கொடுத்தால் உள்காதின் மயிர்செல்கள் திருப்பி அனுப்பும் மெல்லிய ஒலியை அது பதிவு செய்யும். செல்கள் நன்றாக இருந்து நரம்பில் கோளாறு என்றாலும் ‘பாஸ்’ வந்துவிடும். தவிர, சில பரம்பரைக் குறைபாடுகளும் கர்ப்பத்தில் வந்த சைட்டோமெகலோ வைரஸ் தொற்றின் பாதிப்பும் பிறகுதான் தலைகாட்டும். சொந்தத்தில் கல்யாணம் என்றால் அதை மறைக்காமல் சொல்லுங்கள், உங்களைக் குற்றம் சொல்வதற்காக நாங்கள் கேட்பதில்லை.

உங்கள் மகன் வயதுக்கு ஒரே டெஸ்டை நம்பக் கூடாது. நடுக்காதில் நீர் இருக்கிறதா என்று டிம்பனோமெட்ரி பார்ப்பார்கள். ஓ.ஏ.இ. மறுபடி எடுப்பார்கள். அப்புறம் சத்தம் புகாத அறையில் உங்கள் மடியில் உட்காரவைத்து ஒலி கொடுப்பார்கள், ஒலி வந்த பக்கம் அவன் திரும்பினால் விளக்கு எரிந்து பொம்மை ஆடும், அதற்காகவே அடுத்த ஒலிக்கும் திரும்புவான், ஒலியைக் குறைத்துக்கொண்டே போய் எந்த அளவு வரை திரும்புகிறான் என்று பார்ப்பார்கள். இதை ஸ்பீக்கரில் மட்டும் செய்தால் நன்றாகக் கேட்கும் காதின் கணக்குதான் கிடைக்கும், இரண்டு காதையும் தனித்தனியே பார்த்தார்களா என்று கேளுங்கள். கடைசியாக பெரா, அதாவது ஒலிக்குக் காது நரம்பு காட்டும் பதிலைப் பதிவு செய்யும் டெஸ்ட். அதில் ‘கிளிக்’ ஒலி மட்டும் போட்டால் உயர் சுருதிப் பகுதிதான் முக்கியமாகத் தெரியும், தாழ்ந்த சுருதிக்குத் தனியாக எடுக்கச் சொல்லுங்கள்.

ஒன்று விட்டுப்போயிற்று. பெயருக்குத் திரும்பாததற்கு ஆட்டிசமும் காரணமாக இருக்கலாம். காதுதான் முதலில், ஆனால் ஒன்று முடியட்டும் என்று மற்றதை ஒத்திப்போடாமல் குழந்தை நல மருத்துவரிடம் அதையும் கேட்டுவிடுங்கள்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கே போகலாம். காது மெஷின் போதாத அளவு குறைபாடு என்று தெரிந்தால், தகுதியுள்ள குடும்பங்களில் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு காக்ளியர் இம்ப்ளான்ட்டை (அறுவை செய்து உள்காதில் பொருத்தும் கேட்கும் கருவி) முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இலவசமாகச் செய்கிறார்கள். அந்த 6 வயது கடைசி வரம்பு. அதுவரை பொறுக்கலாம் என்று அர்த்தமில்லை.

குறைமாதத்தில் பிறந்து இன்குபேட்டரில் இருந்த பேத்திக்குக் காது டெஸ்டில் ‘ரெஃபர்’ என்று வந்திருக்கிறது. காது கேட்காதா?
– வாசகர், திருநெல்வேலி

அப்படி அர்த்தமில்லை ஐயா, மறுபடி பார்க்க வேண்டும் என்று அர்த்தம். காதுக்குள் பிறந்தபோதைய நீரும் உடம்பில் ஒட்டியிருக்கும் வெள்ளை மாவும் இருந்தாலே ரெஃபர் வரும். ஆனால் ஐ.சி.யூ.வில் இருந்த குழந்தைக்கு, அதிலும் கடுமையான மஞ்சள் காமாலையோ காதைப் பாதிக்கக்கூடிய ஜென்டாமைசின் போன்ற ஊசிகளோ இருந்தால், ஓ.ஏ.இ. மட்டும் போதாது, பெரா வழி ஸ்கிரீனிங்கும் வேண்டும். 1 மாதத்துக்குள் ஸ்கிரீனிங், 3 மாதத்துக்குள் உறுதியான முடிவு, 6 மாதத்துக்குள் மெஷின், இதுதான் உலகம் முழுக்க வைத்திருக்கும் கணக்கு. பாட்டி காதில் எண்ணெய் விட வந்தால் தடுத்துவிடுங்கள்.

பெரா எடுக்கத் தூக்க மருந்து கொடுக்க வேண்டுமாம். கரண்ட் வைப்பார்களா? பயமாக இருக்கிறது.
– வாசகி, கரூர்

கரண்ட் எதுவும் உள்ளே போகாது. நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒட்டும் எலெக்ட்ரோடுகள் மூளைக்குப் போகும் நரம்புச் சமிக்ஞையைப் பதிவு செய்கின்றன, அவ்வளவுதான். குழந்தை அசைந்தால் பதிவு கெட்டுவிடும், தூக்கம் அதற்காக. கைக்குழந்தை பால் குடித்ததும் தானாகவே தூங்கிவிடும். பெரிய குழந்தையை அன்று அதிகாலையிலேயே எழுப்பி, வரும் வழியில் பஸ்ஸில் தூங்கவிடாமல் கூட்டி வாருங்கள் (இதுதான் கஷ்டம், எனக்குத் தெரியும்), பல நேரம் மருந்தே தேவைப்படாது. தேவைப்பட்டால் எடை பார்த்து மருத்துவமனையில் வைத்துத்தான் கொடுக்க வேண்டும். வீட்டிலேயே கொடுத்துக் கூட்டி வரச் சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

யு.கே.ஜி. படிக்கும் மகள் டி.வி. சத்தத்தைக் கூட்டுகிறாள், சில நாள் நன்றாகக் கேட்கிறது, சில நாள் இல்லை. டிம்பனோமெட்ரி ரிப்போர்ட்டில் ‘டைப் பி’ என்று இருக்கிறது.
– வாசகர், ஈரோடு

‘டைப் பி’ என்றால் செவிப்பறை சரியாக அசையவில்லை என்று அர்த்தம், பெரும்பாலும் அதற்குப் பின்னால் நீர் கட்டியிருக்கிறது. சளி, மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதை, இரண்டும் வழக்கமான காரணங்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு 3 மாதத்துக்குள் தானாகவே வடிந்துவிடும், அதன்பின் ஆடியோகிராமும் (எவ்வளவு மெல்லிய ஒலி வரை கேட்கிறது என்று பார்ப்பது) டிம்பனோமெட்ரியும் மறுபடி எடுங்கள். அப்போதும் இரண்டு காதிலும் நீர் நின்று கேட்கும் திறன் குறைந்திருந்தால் கிராமெட் என்ற சின்னக் குழாய் வைப்பது பற்றி டாக்டர் பேசுவார். அதுவரை முன் பெஞ்சில் உட்காரவைக்கும்படி டீச்சரிடம் சொல்லிவையுங்கள், ‘கவனிக்க மாட்டேங்குறா’ என்று அடி வாங்கும் பிள்ளைகளில் இந்த ரகம் நிறைய.