1,55,000 டாலர் வருமானம் இருந்தா ஃபாஃப்ஸா போட்டு என்ன பிரயோஜனம்?

நியூ ஜெர்சியிலருந்து ஒரு அப்பா கேட்டிருக்கார். கிரீன் கார்டு வந்தாச்சு, பொண்ணு ட்வெல்த் கிரேடு, 2027 ஃபால்ல காலேஜ் சேரணும், பையன் டென்த் கிரேடு. புருஷன் பொண்டாட்டி சம்பளம் சேத்து வருஷம் 1,55,000 டாலர். "இந்த வருமானத்துக்கு ஒண்ணும் தரமாட்டாங்க, காலேஜ் செலவுக்கு அரசு உதவி கேக்குற ஃபாஃப்ஸா ஃபார்மைப் போடாதீங்கன்னு ஃபிரெண்ட்ஸ் சொல்றாங்க, மதுரையில இருக்கிற பிளாட்டை வேற காட்டணுமாமே, பொண்ணு 18 காலேஜ் லிஸ்ட் வெச்சிருக்கா, என்ன பண்றது?"ன்னு கேக்குறார்.

முதல்ல ஃபாஃப்ஸா கதையை முடிச்சிருவோம் சார். கண்டிப்பா போடுங்க. பெல் கிராண்ட், அதாவது வருமானம் குறைஞ்ச வீடுகளுக்கு அரசு தர்ற, திருப்பிக் கட்ட வேண்டாத பணம், உங்களுக்கு வராது, அது உண்மைதான். ஆனா பொண்ணு பேர்ல கிடைக்கிற ஃபெடரல் லோன், முதல் வருஷம் 5,500 டாலர் வரைக்கும், வருமானம் எவ்ளோ இருந்தாலும் கிடைக்கும், ஃபாஃப்ஸா போட்டிருந்தா மட்டும். சில காலேஜ் தங்களோட சொந்த ஸ்காலர்ஷிப்புக்கே ஃபாஃப்ஸா வந்திருக்கான்னு பாக்கும். அதோட நாளைக்கு உங்க ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு லே-ஆஃப் வந்தா, ஐடியில இருக்கிறவங்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்ல, அப்ப உதவி கேக்குறதுக்கு ஃபைல் ஏற்கனவே உள்ள இருக்கணும். அக்டோபர் 1ல ஃபார்ம் ஓப்பன் ஆகும், 2025 டாக்ஸ் ரிட்டர்ன்தான் கணக்கு. பொண்ணுக்கு ஒண்ணு, ஜாயின்ட்டா டாக்ஸ் ஃபைல் பண்றீங்கன்னா உங்கள்ல ஒருத்தருக்கு ஒண்ணுன்னு ஃபாஃப்ஸா லாகின் ஐடியை செப்டம்பர்லயே கிரியேட் பண்ணி வெச்சிருங்க.

அப்புறம் மதுரை பிளாட். காட்டணும், வெளிநாட்டுல இருந்தாலும் சொத்து சொத்துதான். ஆனா இதுக்கு நம்ம ஆளுங்க பயப்படுற அளவுக்கு அதுல ஒண்ணுமே இல்ல. பெத்தவங்க சொத்துல அதிகபட்சம் 5.64 சதவீதம்தான் கணக்குல எடுத்துப்பாங்க, அதாவது கடன் போக அந்த பிளாட் 40,000 டாலர் பெறும்னு வைங்க, நீங்க கட்ட முடியும்னு அவங்க போடுற கணக்குல கூடறது 2,256 டாலர்தான், அதுக்காக மறைச்சு கையெழுத்து போட்டு மாட்டிக்கணுமா சொல்லுங்க. நீங்க குடியிருக்கிற வீடும் 401கேங்கற ரிடையர்மென்ட் கணக்குல இருக்கிற பணமும் ஃபாஃப்ஸால வராது. பொண்ணு பேர்ல தனியா அக்கவுன்ட்ல போட்டு வெச்ச பணத்துக்குத்தான் 20 சதவீதம், அங்கதான் அடி. காலேஜ் செலவுக்குன்னு சேக்குற 529 பிளான் உங்க பேர்ல இருந்தா அது பெத்தவங்க சொத்துதான், பிரச்சனை இல்ல. சிஎஸ்எஸ் ப்ரொஃபைல்னு இன்னொரு ஃபார்ம் கேக்குற பிரைவேட் காலேஜ் கதை வேற, சிலது வீட்டோட ஈக்விட்டி, அதாவது கடன் போக வீட்டோட மிச்ச மதிப்பு வரைக்கும் நோண்டும்.

இன்னொண்ணு, பையனும் ரெண்டு வருஷத்துல காலேஜ் வந்துருவான், ரெண்டு பிள்ளைங்க ஒரே நேரத்துல படிச்சா சலுகைன்னு பழைய ஆளுங்க சொல்லுவாங்க. ஃபெடரல் கணக்குல 2024-25லயே அதைத் தூக்கிட்டாங்க. அதனால பையனுக்கும் சேத்துதான் இப்பவே யோசிக்கணும்.

இப்ப நிஜமான விஷயத்துக்கு வரேன். நீங்க கேட்ட மூணு கேள்வியும் அப்புறம்தான் சார், அதுக்கு முன்னாடி வீட்ல நீங்களும் அவங்களும் உக்காந்து, ரிடையர்மென்ட் பணத்துல கை வைக்காம, வீட்டு மேல கடன் வாங்காம, வருஷத்துக்கு எவ்ளோ கட்ட முடியும்னு ஒரு நம்பர் எழுதணும். எழுதினதை பொண்ணுகிட்ட சொல்லணும். லிஸ்ட் போடுறதுக்கு முன்னாடியே சொல்லணும். நம்ம வீடுகள்ல இது நடக்கறதே இல்ல, "நீ நல்லா படி, பணத்தை அப்பா பாத்துக்கறேன்"னு சொல்லிட்டு, ஏப்ரல்ல அட்மிஷன் வந்ததுக்கப்புறம் முடியாதுன்னு சொன்னா அந்தப் பிள்ளை உடைஞ்சு போயிரும். 17 வயசுப் பொண்ணுக்கு உண்மையைத் தாங்கற சக்தி இருக்கு, கடைசி நேரத்துல தெரியறதைத்தான் தாங்க முடியாது.

நம்பர் கையில இருந்தா 18 காலேஜ் லிஸ்ட் தானா சுருங்கும். ஒவ்வொரு காலேஜ் வெப்சைட்லயும் நெட் பிரைஸ் கால்குலேட்டர்னு ஒண்ணு இருக்கும், சட்டப்படி வெச்சே ஆகணும், அதுல உங்க வருமானம் சொத்து எல்லாம் போட்டுப் பாருங்க. பேப்பர்ல இருக்கிற விலையைப் பாத்து பயப்படவும் வேணாம், ஏமாறவும் வேணாம். சில பிரைவேட் காலேஜ் விலை 90,000 டாலரைத் தாண்டிருச்சு, ஆனா ஹார்வர்ட், எம்ஐடி மாதிரி இடங்கள்ல 2,00,000 டாலர் வரைக்கும் வருமானம் உள்ள வீட்டுப் பிள்ளைங்களுக்கு பெரும்பாலும் ட்யூஷன் ஃபீஸே கிடையாது, இடம் கிடைக்கறதுதான் கஷ்டம். ரட்கர்ஸ் நம்ம ஸ்டேட் காலேஜ்தான், இருந்தாலும் ஹாஸ்டல் சாப்பாடு சேத்தா வருஷத்துக்கு 30,000 டாலரைத் தாண்டும். அலபாமா மாதிரி சில ஸ்டேட் யுனிவர்சிட்டில ஜிபிஏவும் எஸ்ஏடி ஸ்கோரும் இருந்தா வெளி ஸ்டேட் பிள்ளைக்கும் ஸ்காலர்ஷிப் தானா வரும். 8லருந்து 10 காலேஜ் போதும், அதுல குறைஞ்சது ரெண்டு காலேஜ், இடமும் நிச்சயம் பணமும் நிச்சயம்ங்கற மாதிரி இருக்கணும். முன்கூட்டியே அப்ளை பண்றதுல எர்லி டிசிஷன் போடாதீங்க, கிடைச்சா சேந்தே ஆகணும், நாலு காலேஜ் லெட்டரை வெச்சு கம்பேர் பண்ணவே முடியாது. எர்லி ஆக்‌ஷன்ல அந்தக் கட்டாயம் இல்ல, தாராளமா போடலாம்.

கவுன்ட்டி காலேஜ்னா மூஞ்சி சுளிக்காதீங்க. நியூ ஜெர்சில ரெண்டு வருஷம் அங்க படிச்சு அசோசியேட் டிகிரி வாங்கிட்டு ஸ்டேட் காலேஜுக்கு மாறினா கிரெடிட்டை ஏத்துக்கணும்னு 2007லயே சட்டம் வந்தாச்சு. கடைசில கையில வாங்குற டிகிரி அந்த நாலு வருஷ காலேஜோடதுதான்.

மார்ச் ஏப்ரல்ல வர்ற அவார்ட் லெட்டரை கண்ணாடி போட்டுப் படிங்க, ஏன்னா கடனையும் உதவின்னுதான் அதுல எழுதுவாங்க. உதாரணத்துக்கு மொத்த செலவு 52,000, ஸ்காலர்ஷிப் 12,000, ஸ்டூடன்ட் லோன் 5,500, பெத்தவங்க பேர்ல வாங்குற பேரன்ட் பிளஸ் லோன் 20,000, மீதி நீங்க கட்ட வேண்டியது 14,500ன்னு வரும். பாத்த உடனே பரவால்லயேன்னு தோணும். கடனை உதவிக் கணக்குலருந்து நீக்கிட்டுப் பாருங்க, உங்க செலவு 40,000. அதுவும் ஒரு வருஷத்துக்கு. அந்த 12,000 நாலு வருஷமும் வருமா, எவ்ளோ ஜிபிஏ வெச்சிருக்கணும்னு கேட்டு ஈமெயில்ல பதில் வாங்கிக்குங்க. பேரன்ட் பிளஸ் லோனுக்கு 2026 ஜூலைலருந்து வருஷத்துக்கு 20,000, ஒரு பிள்ளைக்கு மொத்தம் 65,000ன்னு வரம்பு வெச்சுட்டாங்க, முன்னாடி மாதிரி முழுசையும் அதுல வாங்கி சமாளிக்கலாம்னு யாராவது சொன்னா அது பழைய கதை. காலேஜ் செலவுக்காக டாக்ஸ்ல வருஷம் 2,500 டாலர் வரைக்கும் குறைச்சுக்குற ஒரு கிரெடிட் இருக்கு, ஜாயின்ட் வருமானம் 1,60,000 வரைக்கும் முழுசா கிடைக்கும், நீங்க அதுக்குள்ளதான் இருக்கீங்க, விட்றாதீங்க.

பொண்ணு எச்-4ல, அதாவது எச்1பி வேலை விசாவுல இருக்கிறவங்க குடும்பத்துக்குத் தர்ற விசாவுல இருந்தா என்னன்னு நிறைய பேர் கேக்குறீங்க, அவங்களுக்கும் சொல்லிடறேன். எச்-4 பிள்ளை ஃபெடரல் உதவி வாங்க முடியாது. பிள்ளை இங்க பொறந்த சிட்டிசன்னா, பெத்தவங்க எச்1பியா இருந்தாலும் தாராளமா போடலாம். எச்-4 பிள்ளைக்கு இன்-ஸ்டேட் ஃபீஸ் பல ஸ்டேட்ல உண்டு, ஆனா 21 வயசுல எஃப்-1 ஸ்டூடன்ட் விசாவுக்கு மாறினா அது நிக்குமாங்கறதை அந்தந்த காலேஜ்ல எழுத்துல வாங்கிட்டு சேருங்க.

கடைசியா, நான் முன்னாடி சொன்ன மாதிரி லே-ஆஃப் ஆச்சுன்னா, 2025 வருமானத்தை வெச்சு அவங்க போட்ட கணக்கு செல்லாது. ஃபைனான்ஷியல் எய்ட் ஆபீசுக்கு ஒரு பக்க லெட்டர், வேலை போன கடிதம், கடைசி பே ஸ்டப் மூணையும் சேத்து அனுப்பி, மறுபடி பாருங்கன்னு கேளுங்க. அப்படி மாத்திப் பாக்க அவங்களுக்கு சட்டத்துலயே இடம் இருக்கு. பெரும்பாலான காலேஜுக்கு மே 1க்குள்ள முடிவு சொல்லணும்ங்கறதால இதை ஏப்ரல் முதல் வாரமே பண்ணிருங்க.