ஓடிப் பிடித்து விளையாடுவதில் என்ன லாபம்?

கேள்வி: என் மகனுக்குப் பத்து வயது. கோடை விடுமுறை விட்டதிலிருந்து கைப்பேசியும் வீடியோ கேமுமாகவே கிடக்கிறான். வெளியே போய் விளையாடச் சொன்னால் வெயிலைக் காரணம் காட்டுகிறான். என் கணவரோ, “சும்மா ஓடிப் பிடித்து விளையாடுவதில் என்ன லாபம்? கோடிங் வகுப்பிலோ டென்னிஸ் பயிற்சியிலோ சேர்த்துவிட்டால் நாளைக்கு உதவும்” என்கிறார். யார் சொல்வது சரி?
– ஒரு வாசகி

பதில்: மகன் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது, கணவர் சொல்வதில் கால்வாசிகூட இல்லை.

கோடையில் முற்பகல் 11 மணியிலிருந்து பிற்பகல் 3 மணி வரை பிள்ளைகளை வெட்டவெளியில் ஓடவிடக் கூடாது என்பது உண்மைதான். பெரியவர்களைவிட அவர்களுக்கு வியர்வை குறைவு; போதாக்குறைக்கு, தாகம் எடுத்தாலும் ஆட்டம் கலைந்துவிடுமே என்று தண்ணீர் குடிக்க வராத வயது அது. ஆனால் ஒரு நாள் என்பது அந்த நான்கு மணி நேரம் மட்டுமே அல்ல. காலையும் மாலையும் இருக்கின்றன. மர நிழலும் இருக்கிறது.

நிழலே போதும் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. வீட்டுக்குள் நாம் போதுமானது என்று நினைக்கும் வெளிச்சம் பெரும்பாலும் 500 லக்ஸைத் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) தாண்டுவதில்லை. வெளியில் நிழலில் நின்றாலே சில ஆயிரம் லக்ஸ் கிடைக்கும், நேர் வெயிலிலோ அது 1,00,000 லக்ஸ் வரை போகும். இந்த வெளிச்சம் பட்டு விழித்திரையில் சுரக்கும் டோபமைன் என்ற வேதிப்பொருள், வளரும் வயதில் கண்விழி அளவுக்கு மீறி நீண்டுவிடாமல் தடுக்கிறது என்பதே கண் ஆய்வாளர்கள் இன்று பெரிதும் ஏற்கும் விளக்கம். விழி அப்படி நீண்டுபோவதுதான் கிட்டப்பார்வை. சீனாவின் குவாங்சோ நகரில் 12 தொடக்கப் பள்ளிகளில் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், நாள்தோறும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே அழைத்துச் செல்லப்பட்ட முதல் வகுப்புப் பிள்ளைகளில் மூன்று ஆண்டுகளில் 30.4 விழுக்காட்டினருக்குக் கிட்டப்பார்வை வந்தது. வழக்கம்போல் இருந்தவர்களில் அது 39.5 விழுக்காடு. ஏற்கெனவே கண்ணாடி போட்டுவிட்ட பிள்ளைக்கு இதே அளவு பலன் கிடைக்கும் என்று உறுதி கூற முடியாது. வராமல் தடுப்பதில்தான் வெளிச்சத்துக்கு வேலை அதிகம்.

இனி, லாபம் கேட்கும் உங்கள் கணவருக்கு வருவோம். டென்னிஸ் பயிற்சி உடம்புக்கு நல்லதுதான். ஆனால் அங்கே பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்பதைப் பயிற்சியாளர் சொல்லிவிடுவார். வீடியோ கேமில் அதை இயந்திரம் சொல்லிவிடும். பெரியவர் யாரும் இல்லாத தெருவில் நான்கு பிள்ளைகள் ஆடும்போது அதைச் சொல்ல ஆளில்லை. ஒருவன் அவுட் என்பான், மற்றவன் இல்லவே இல்லை என்பான். அந்த வழக்கு ஆட்டத்தைவிட அதிக நேரம் நடக்கும். ஆனால் பந்துக்குச் சொந்தக்காரன் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டால் ஆட்டமே இல்லை என்பது எல்லோருக்கும் தெரியுமாதலால், கடைசியில் யாரோ ஒருவன் விட்டுக்கொடுப்பான், அல்லது மறுபடி ஆடலாம் என்று சமரசம் பிறக்கும். யாருடைய தம்பியோ அழுதுகொண்டே பின்னால் வந்தால், அவனை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொண்டு, அவன் அவுட்டானாலும் கண்டுகொள்ளாமல் விடுவார்கள். விதியை வகுப்பது, வாதாடுவது, தேவைப்பட்டால் விதியையே தளர்த்துவது ஆகிய மூன்றையும் எந்தக் கோடை வகுப்பிலும் கட்டணம் கட்டிப் படிக்க முடியாது. பெரியவர் ஒருவர் விசிலோடு வந்து நின்ற மறுகணமே அந்தப் படிப்பு நின்றுவிடும்.

ஐக்கிய நாடுகள் அவை 1989இல் ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில், கல்விக்கு 28ஆவது பிரிவும் ஓய்வு, விளையாட்டு ஆகியவற்றுக்கு 31ஆவது பிரிவும் தனித்தனியாக இருக்கின்றன. படிப்புக்குத் துணைப்பாடமாக விளையாட்டை அங்கே யாரும் சேர்க்கவில்லை என்பதை அவரிடம் சொல்லுங்கள்.

கைப்பேசி விஷமல்ல. அது தின்றுவிடும் மணி நேரங்கள்தான் சிக்கல். (அதை முதலில் அவன் கையில் கொடுத்தது யார் என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.) பிடுங்கி வைத்துவிட்டு “போய் விளையாடு” என்று தனியாக வெளியே தள்ளினால், அவன் வாசற்படியில் உட்கார்ந்து உங்களை முறைத்துக்கொண்டிருப்பான், வேறொன்றும் நடக்காது. அவனுக்கு வேண்டியது ஆட்டத்துக்கு ஆள். அக்கம்பக்கத்தில் இதே புலம்பலோடு இருக்கும் இரண்டு மூன்று பெற்றோரிடம் பேசி, எல்லாப் பிள்ளைகளையும் ஒரே நேரத்தில் வெளியே அனுப்புங்கள். கண் பார்க்கும் தூரத்தில் ஒரு பெரியவர் இருந்தால் போதும். அவர் தீர்ப்புச் சொல்ல எழுந்து வர வேண்டாம்.

5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உங்கள் கணவர் விரும்பும் கோடிங் வகுப்பில் தாராளமாகச் சேருங்கள், நண்பகலில் நடப்பதாகப் பார்த்து. மாலை ஐந்து மணிக்கு மட்டும் எந்த வகுப்பிலும் சேர்க்காதீர்கள்.