வலிப்பு ஊசி போட்ட கை ஊதாவாக மாறினால்

கேள்வி: சிறிய மருத்துவமனை ஒன்றில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். வலிப்போடு வந்த 67 வயதுப் பெரியவருக்குப் புறங்கை வென்ஃப்ளானில் (ஊசி வழியாக மருந்து ஏற்றும் குழாய்) ஃபெனிடாயின் என்ற வலிப்பு மருந்தை ஏற்றினோம். நாலைந்து மணி நேரத்தில் அந்த இடம் ஊதாவாகி, விரல் வரை வீங்கிவிட்டது. மருந்து வெளியே கசிந்த மாதிரியே தெரியவில்லை. ஐஸ் வைக்கலாம் என்கிறார் ஒருவர், சூடு கொடு என்கிறார் இன்னொருவர். எது சரி?

பதில்: ஒத்தடம் அப்புறம். முதலில் விரல்களைப் பாருங்கள்.

நீங்கள் சொல்வது பர்பிள் குளோவ் சின்ட்ரோம் போலத்தான் இருக்கிறது; ஃபெனிடாயின் ஏற்றிய கை, ஊதா உறை போட்டது மாதிரி நிறம் மாறி வீங்கும் பக்கவிளைவு அது. மருந்து ஏற்றி 2 முதல் 12 மணி நேரத்துக்குள் நிறம் மாறும். அடுத்த நாளுக்குள் வீக்கமும் ஊதாவும் பரவும். கசிவு கண்ணுக்குத் தெரியாமலேயே இது வரலாம், அதனால் 'லைன் நன்றாகத்தானே ஓடியது' என்று விட்டுவிடக் கூடாது. ஃபெனிடாயின் ஊசியின் பி.ஹெச். ஏறக்குறைய 12, கடும் காரம். கரைப்பதற்காகச் சேர்த்திருக்கும் புரோப்பிலீன் கிளைக்காலும் ஆல்கஹாலும் ரத்தக்குழாயை உறுத்தும். புறங்கையின் மெல்லிய நரம்பு (வெயின், அதாவது ரத்தக்குழாய்) இதைத் தாங்குவது கஷ்டம்.

மருந்து ஓடிக்கொண்டிருந்தால் உடனே நிறுத்துங்கள். வென்ஃப்ளானை அவசரப்பட்டுப் பிடுங்காமல், சிரிஞ்சால் மெதுவாக உறிஞ்சி எடுத்துவிட்டு அப்புறம் அகற்றுங்கள். வேலை செய்கிறதா என்று பார்க்க அதே லைனில் சலைன் தள்ள வேண்டாம். மோதிரம், வளையல், கயிறு எல்லாவற்றையும் வீக்கம் கூடுவதற்குள் கழற்றுங்கள். கையைத் தலையணை வைத்து உயர்த்துங்கள். அந்தக் கையில் பி.பி. பார்க்கவோ ரத்தம் எடுக்கவோ கூடாது, தேய்த்துவிடவும் கூடாது.

சிகிச்சையின் பெரும்பகுதி கண்காணிப்புதான். முதல் நாள் மணிக்கு ஒருமுறை நாடித்துடிப்பு, விரல்களின் சூடு, உணர்வு, அசைவு பாருங்கள். நகத்தை அழுத்தி விட்டால் 2 விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். ஊதாவின் எல்லையைப் பேனாவால் கோடிட்டு நேரம் எழுதுங்கள். சுற்றளவை ஒரே இடத்தில் அளந்து குறித்து வையுங்கள். கை பலகை மாதிரி இறுகினாலோ, விரலை நீங்கள் நீட்டும்போது வலி தாங்க முடியாமல் போனாலோ, விரல் மரத்துப் போனாலோ, டியூட்டி டாக்டரோடு நிற்காமல் அறுவை சிகிச்சை நிபுணர் வரை போக வேண்டும். நாடி கிடைக்கிறதே என்று ஆறுதல் அடையாதீர்கள். உள்ளே தசையில் அழுத்தம் ஏறும்போதும் நாடி இருக்கும்.

வலிப்பு முடிந்த மயக்கத்தில் இருப்பவர் 'எரியுது' என்று சொல்ல மாட்டார். அதனால் அவர் சும்மா படுத்திருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பக்கவாதத்தால் வந்த வலிப்பு என்றால், உணர்வு குறைந்த கையில் இந்த மருந்தை ஏற்றாமல் இருப்பதே நல்லது.

சரி, ஒத்தடம். ஐஸ் ஏற்கெனவே குறைந்த ரத்த ஓட்டத்தை இன்னும் சுருக்கும், நான் வைக்க மாட்டேன். ஈரமில்லாத மிதமான சூடு பலரும் கொடுப்பதுதான், ஆனால் மருத்துவர் எழுதித் தந்தால் மட்டும். மயக்கத்தில் இருப்பவருக்குச் சுடு தண்ணீர்ப் பை வைத்தால் கொப்புளம் மருந்தாலா சூட்டாலா என்றே தெரியாது. இந்தப் பாதிப்பை முறிக்கும் மருந்து என்று உறுதியாக ஒன்றும் கிடையாது.

இந்தப் பக்கம் நிறுத்திவிட்டு வலிப்பு மருந்தே இல்லாமல் விட்டுவிடாதீர்கள். மீதி டோஸை வேறு கையில் பெரிய நரம்பில் ஏற்றலாமா, லெவெடிரசெட்டாம் என்ற வேறு வலிப்பு மருந்துக்கு மாற்றலாமா என்று அப்போதே மருத்துவரிடம் கேளுங்கள். ஃபெனிடாயினின் இன்னொரு வடிவமான ஃபாஸ்ஃபெனிடாயின் கிடைத்தால், அது ரத்தக்குழாய்க்கு இவ்வளவு கடுமை இல்லை.

அடுத்த நோயாளிக்கு: முழங்கை மடிப்பிலோ முன்கையிலோ 20 கேஜ் அல்லது அதைவிட அகலமான (கேஜ் எண் குறைவான) வென்ஃப்ளான். சலைனில் மட்டும் கலக்க வேண்டும்; டெக்ஸ்ட்ரோஸில் படிகமாகிவிடும். முன்னும் பின்னும் சலைன் ஃப்ளஷ். வேகம் நிமிடத்துக்கு 50 மி.கி.யைத் தாண்டக் கூடாது, வயதானவர்களுக்கு 25 அல்லது அதற்கும் கீழே. 60 கிலோ பெரியவருக்கு 1200 மி.கி. என்றால், 25 வேகத்தில் 48 நிமிடம் ஆகும். பத்து நிமிடத்தில் முடிக்கச் சொன்னால் மறுத்துப் பேசலாம். இதயத்துக்கும் ஆபத்து என்பதால் இ.சி.ஜி. மானிட்டரும் பி.பி.யும் கட்டாயம்.

உங்கள் பெரியவரின் குடும்பத்தாரிடம் இது மருந்தால் வந்தது என்று நேராகச் சொல்லுங்கள். பெரும்பாலானோருக்கு அறுவை சிகிச்சை தேவைப்படாது, ஆனால் நிறம் மறைய நாட்கள், சிலருக்கு வாரங்களும் ஆகலாம். கொப்புளம் வந்தால் உடைக்கக் கூடாது. டிஸ்சார்ஜ் சம்மரியில் மருந்தின் பெயரோடு இதை எழுதச் சொல்லுங்கள். அடுத்த முறை வேறு ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கே இருப்பவர்களுக்கு அது தெரிய வேண்டும்.