மகளை ஹாஸ்டலில் விட்டுவிட்டு மிஷனரியாகப் போகலாமா?

கேள்வி: நாங்கள் காட்பாடியில் வசிக்கிறோம். நான் தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். கணவர் உதவி பெறும் பள்ளியில் கணக்கு ஆசிரியர். மகள் எட்டாம் வகுப்பு, மகன் மூன்றாம் வகுப்பு. கென்யாவில் கிசுமு பக்கம் ஓர் அனாதை இல்லப் பள்ளியில் மூன்று வருடம் ஊழியம் செய்ய எங்களைக் குடும்பமாக அழைத்திருக்கிறார்கள். கணவர் பாடம் எடுக்க வேண்டும், நான் விடுதிப் பிள்ளைகளுக்கு அம்மாவாக இருக்க வேண்டும். இது கர்த்தரின் அழைப்புதான் என்பதில் கணவருக்குச் சந்தேகமே இல்லை. மகளோ வரமாட்டேன் என்று அழுகிறாள். “அவளை இங்கே ஹாஸ்டலில் சேர்த்துவிட்டுப் போகலாம். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்” என்கிறார் கணவர். மாமனாருக்கு டயாலிசிஸ் நடக்கிறது. எனக்குப் போக ஆசையும் இருக்கிறது, பயமும் இருக்கிறது. என் விசுவாசம்தான் குறைவோ?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, காட்பாடி

பதில்:

அன்புத் தங்கைக்கு,

ஊசி போடும் முன் மருந்துச் சீட்டை இரண்டு முறை பார்க்கிறீர்களே, அதை யாராவது விசுவாசக் குறைவு என்பார்களா? இந்தப் பயமும் அந்த வகைதான். அதற்காக உங்களை நீங்களே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போவதென்றால் நான்கு பேரும் போங்கள். மகளை இங்கே விட்டுவிட்டுப் போகாதீர்கள். பழமொழியோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் பதின்மூன்று வயதுப் பெண் பிள்ளை தானே வளர்ந்து நான் பார்த்ததில்லை.

வேலூர்க்காரரான உங்களுக்கு, சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் கதையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். தாத்தா ஜான் ஸ்கடர் 1819-லேயே இலங்கைக்கு வந்தவர், 1853-இல் ஆற்காடு மிஷனைத் தொடங்கியவர்கள் பெரியப்பாமார். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பேர் வந்து கதவைத் தட்டியது, ஆண் டாக்டர் வேண்டாம் என்று அவர்கள் திரும்பிப் போனது, பிரசவத்தில் மூன்று பெண்களும் இறந்துபோனது, அதைப் பார்த்து ஐடா டாக்டராகப் படிக்கப் போனது எல்லாம் நம் சபைகளில் எத்தனையோ முறை பிரசங்கத்தில் வந்துவிட்டது. அதற்கு முந்தைய பகுதியைத்தான் அவ்வளவாகச் சொல்வதில்லை. அப்பாவும் பிறகு அம்மாவும் இந்தியாவுக்குத் திரும்பியபோது சிறுமி ஐடாவை அமெரிக்காவில் உறவினர் வீட்டில் விட்டுவிட்டுத்தான் வந்தார்கள். அம்மா போனபின் அவருடைய தலையணையில் முகம் புதைத்து அழுத பிள்ளை அது. வளர்ந்தபின், மிஷனரி மட்டும் ஆகவே மாட்டேன் என்று இருந்தவர். 1890-இல் திண்டிவனம் வந்ததுகூட உடம்பு சரியில்லாத அம்மாவைப் பார்த்துக்கொள்ளத்தான்.

“கடைசியில் எல்லாம் நன்மைக்குத்தானே முடிந்தது?” என்று உங்கள் கணவர் கேட்கலாம். வேலூருக்கு நன்மைதான். ஆனால் ஒரு பிள்ளையின் அழுகை பின்னால் ஆஸ்பத்திரியாக முளைத்தது என்பதால், எல்லாப் பிள்ளைகளையும் அழவிடலாம் என்று ஆகிவிடாது. அந்தக் காலத்து மிஷனரிகளே இதை உணர்ந்திருக்கிறார்கள். பிள்ளைகளைக் கடல் தாண்டி அனுப்பாமல் இந்தியாவிலேயே படிக்க வைக்கத்தான் 1901-இல் கொடைக்கானலில் அவர்களுக்கென்று பள்ளி தொடங்கினார்கள். அதுவும் விடுதிதான். ஆனாலும் கோடை விடுமுறையில் அப்பா அம்மா மலையேறி வந்து பார்த்துவிட முடிந்தது. கிசுமுவிலிருந்து நீங்கள் நினைத்தபோது காட்பாடிக்கு வர முடியுமா?

இனி, நீங்கள் கேட்காத ஒரு விஷயம். அந்த இல்லத்தில் இருக்கும் பிள்ளைகள் உண்மையிலேயே யாரும் இல்லாதவர்கள்தானா? உலகம் முழுவதும் இப்படிப்பட்ட இல்லங்களில் வளரும் பிள்ளைகளில் ஐந்தில் நான்கு பேருக்கு அப்பாவோ அம்மாவோ ஒருவராவது உயிரோடு இருக்கிறார் என்றுதான் மதிப்பீடுகள் சொல்கின்றன. கிசுமு இருக்கும் விக்டோரியா ஏரிக்கரையை ஒட்டிய கென்யப் பகுதியில் எய்ட்ஸ் நோய் ஒரு தலைமுறையையே வாரிக்கொண்டு போனது. அங்கே பேரன் பேத்திகளைப் பாட்டிகள்தான் தூக்கி நிறுத்தினார்கள். அந்தப் பாட்டியின் கையில் பீஸ் கட்டப் பணம் இல்லை என்பதாலேயே இல்லத்துக்கு வந்து சேர்ந்த பிள்ளைக்கு, முதல் தேவை அந்தப் பாட்டி வீட்டு அடுப்பு எரிய ஒரு வழி. புது அம்மா அதற்குப் பிறகுதான்.

இது என் சொந்த அபிப்பிராயம் மட்டுமல்ல. ருமேனியாவில் 2000-களின் தொடக்கத்திலிருந்து 136 சிறு குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று உண்டு. இரண்டு வயதுக்குள் வளர்ப்புக் குடும்பத்துக்குப் போன குழந்தைகள், இல்லத்திலேயே தங்கிவிட்டவர்களைவிடப் பல வகையிலும் நன்றாகத் தேறினார்கள். பிள்ளைகளை முடிந்தவரை குடும்பத்திலேயே வளர்க்க வேண்டும் என்று 2009-இல் ஐக்கிய நாடுகள் சபை வழிகாட்டு நெறிகளை ஏற்றது. கென்ய அரசே 2017-இல் புதிய குழந்தைகள் இல்லங்களைப் பதிவு செய்வதை நிறுத்தி வைத்தது. 2022-இல், பத்து வருடத்துக்குள் பிள்ளைகளை இல்லங்களிலிருந்து குடும்பங்களுக்கு மாற்றும் திட்டத்தையும் வெளியிட்டது. மூன்று வருட ஊழியம் என்கிறார்கள். அந்த இல்லம் இந்தத் திட்டத்துக்கு ஒத்துழைக்கிறதா, முரண்டு பிடிக்கிறதா என்று தெரியாமல் டிக்கெட் எடுக்கக் கூடாது.

ஆகவே அழைத்தவர்களுக்குக் கணவர் ஒரு கடிதம் எழுதட்டும். இத்தனை பிள்ளைகளில் எத்தனை பேருக்கு உறவினர் இருக்கிறார்கள், விடுமுறைக்கு யார் யார் வீட்டுக்குப் போகிறார்கள், போன வருடம் எத்தனை பேர் நிரந்தரமாக வீடு திரும்பினார்கள், இல்லத்தின் பதிவு நடப்பில் இருக்கிறதா என்று நேராகக் கேட்கட்டும். நல்ல இடமாக இருந்தால் சந்தோஷமாகப் பதில் சொல்வார்கள். “முதலில் வாருங்கள், வந்தபின் பார்த்துக்கொள்ளலாம்” என்று பதில் வந்தால் எனக்கு அந்த இடத்தின் மேல் நம்பிக்கை வராது. பிள்ளைகளின் படத்தையும் சோகக் கதையையும் போட்டுக் காணிக்கை கேட்கும் இடமாக இருந்தாலும் அப்படித்தான்.

உங்களுக்குக் கொடுத்திருக்கும் வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். விடுதிப் பிள்ளைகள் உங்களை “அம்மா” என்று கூப்பிடத் தொடங்கி, ஒட்டிக்கொண்டு, மூன்றாம் வருடம் நீங்கள் பெட்டி கட்டும்போது அந்தச் சின்னப் பிள்ளைகளுக்கு அது இன்னொரு இழப்பு. உங்களுக்கு முன்னும் யாரோ வந்து போயிருப்பார்கள். பின்னும் வருவார்கள். அந்த ஊர் லுவோ மொழியில் தாலாட்டுப் பாடத் தெரிந்த, அங்கேயே இருக்கப்போகிற உள்ளூர்ப் பெண்களை விடுதி அம்மாவாக வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் நர்ஸாகவே போங்கள். மலேரியா அதிகமுள்ள பகுதியில் பள்ளிக்கும் சுற்றுக் கிராமத்துக்கும் சேர்த்து ஒரு நல்ல நர்ஸ் கிடைப்பது பெரிய விஷயம். கணவரின் கணக்கு வகுப்புக்கு, பாட்டி வீட்டிலிருந்து நடந்து வரும் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார முடிந்தால் இன்னும் நல்லது.

இதில் உங்கள் சொந்தப் பிள்ளைகளின் பங்கும் இருக்கிறது. நாற்பது பேருக்கு அம்மாவாக இருப்பவரின் மகன், ராத்திரி காய்ச்சலில் கூப்பிட்டால் வரிசையில் நிற்க வேண்டுமா? மிஷனரிக் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் இதை வெளியே சொல்வதில்லை. சொன்னால் சாட்சி கெட்டுவிடும் என்று சின்ன வயதிலேயே கற்றுக்கொண்டு விடுகிறார்கள்.

படிப்பு விஷயத்துக்கு வருவோம். மூன்று வருடம் என்றால் மகள் பத்தாம் வகுப்பை அங்கே முடித்துவிட்டு, திரும்பி வந்து பிளஸ் ஒன் சேர வேண்டியிருக்கும். அங்கே எந்தப் பாடத்திட்டம், அந்தச் சான்றிதழை இங்கே எப்படி ஏற்பார்கள் என்பதை இப்போதே விசாரியுங்கள். மகனின் கவலை வேறு. மாநிலப் பாடத்திட்டத்தில் தமிழ் கட்டாயம், 2006-இல் சட்டமே போட்டாயிற்று. மூன்று வருடம் தமிழ் எழுதாமல் ஆறாம் வகுப்புக்கு வந்தால் பையன் திணறுவான். தமிழ்ப் பாடப் புத்தகங்களைப் பெட்டியில் முதலில் வையுங்கள். சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். ராகிக் களிக்குப் பழகிய வடாற்காட்டு வயிறு அங்கத்திய மக்காச்சோளக் களியான உகாலிக்கும் பழகிவிடும்.

பேப்பர் வேலை அலுப்பானதுதான், ஆனால் ஊழியக்காரர்கள் பலர் சறுக்குவது இங்கேதான். சுற்றுலா விசாவில் போய் வேலை செய்யாதீர்கள். மிஷனரிகளுக்கென்று கென்யாவில் தனி அனுமதி இருக்கிறது. கணவர் பாடம் எடுக்க அந்நாட்டு ஆசிரியர் ஆணையத்திலும், நீங்கள் ஊசி போட அங்குள்ள நர்ஸிங் கவுன்சிலிலும் பதிய வேண்டும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் பயணத்துக்குப் பத்து நாளாவது முன்னால் போட்டுக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது நம் விமான நிலையத்திலேயே அந்த அட்டையைக் கேட்பார்கள். மாதப் பணம் யார் தருவது, எந்த வழியாக என்பதும் எழுத்தில் இருக்கட்டும். நம் ஊர் டிரஸ்ட் வெளிநாட்டில் செலவழிக்கும் பணத்துக்கு வரிவிலக்கு கேட்டால், மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். சபையில் காணிக்கைத் தட்டு எடுத்து அனுப்பிவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒரு ஆடிட்டரிடம் கேளுங்கள். கணவரின் விடுப்பையும் வாய்வார்த்தையில் நம்பாதீர்கள்.

மாமனார் விஷயத்தில் ஒன்றே ஒன்று. டயாலிசிஸுக்கு அவரை யார் அழைத்துப் போவது என்று கணவரின் கூடப்பிறந்தவர்களை உட்கார வைத்து, பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். “கர்த்தர் பார்த்துக்கொள்வார்” என்று அவர்களிடம் சொல்வது நியாயமில்லை.

இப்போதே முடிவெடுக்க வேண்டிய அவசரம் எனக்குத் தெரியவில்லை. கணவர் முதலில் தனியாக ஒருமுறை போய்வரட்டும். அங்கே பருவ விடுமுறை எப்போது என்று கேட்டு அந்த நாட்களில் போனால், எத்தனை பிள்ளைகள் உறவினர் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள் என்று கண்ணாலேயே பார்க்கலாம். விடுமுறை முடிந்து பள்ளி நடப்பதையும் பார்த்துவிட்டு வரலாம். மகளின் பிளஸ் டூ முடியும்வரை தள்ளிப்போட்டாலும் தவறில்லை. அப்போதும் அங்கே கணக்கு வாத்தியார் தேவைப்படுவார்.

மகளிடம் கணவரே பேசட்டும். இதுவரை நீங்கள்தான் நடுவில் தூது போய்க்கொண்டிருக்கிறீர்கள் என்று உங்கள் கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. அவள் வேண்டாம் என்பதற்குக் காரணம் கென்யாவா, தோழிகளா, அல்லது நாற்பது பிள்ளைகளோடு அம்மாவைப் பங்கு போட வேண்டுமே என்பதா என்று அவர் பொறுமையாகக் கேட்கட்டும். எல்லாம் பேசியபின் போகவில்லை என்று முடிவானால், ஆயரிடம் “மகள் ஒத்துக்கொள்ளவில்லை” என்று சொல்லாதீர்கள். “நாங்கள் இப்போது வரவில்லை, ஐயா” என்று நீங்கள் இருவரும் சேர்ந்து போய்ச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமைதோறும் சபை முழுக்க அந்தப் பெண்ணைத்தான் பார்க்கும்.