மணற்காட்டுத் தவளைக்குச் செதில் முளைக்குமா?

கேள்வி: அறிவியல் புனைகதை ஒன்று எழுதுகிறேன். கி.பி. 2500இல் யாழ்ப்பாணத்து வடமராட்சி கிழக்கு முழுப் பாலைவனம். அங்கே மணற்காடு என்ற ஊரின் மணல்மேட்டில் ஒரு தவளை வாழ்கிறது. முதுகில் தண்ணீர் நிறைந்த திமில், உடல் முழுக்கச் செதில். ஊற்றைக் கண்டால் வாய்வைத்துக் குடிக்கும், மணலில் முட்டையிடும். நம்பும்படி இருக்கிறதா?
– உயர்தர உயிரியல் மாணவர், கரவெட்டி

பதில்: செதிலோடு மண்ணில் முட்டையிடும் பிராணி உங்கள் வேலியிலேயே ஓடித் திரிகிறது. ஓணான். பிறகு கதைக்குத் தவளை எதற்கு?

தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை, தம்பி. ஈர மண்ணில் தொடையை அகட்டி அடிவயிற்றை ஒட்டவைத்து உட்கார்ந்து, அந்த இடத்துத் தோலால் உறிஞ்சும். மூச்சிலும் ஒரு பங்கு தோல் வழியாகத்தான். செதில் போர்த்திய அன்றே அதன் கதை முடிந்தது. திமிலும் வேண்டாம், ஒட்டகத்தின் திமிலிலேயே இருப்பது கொழுப்பு. தவளைக்குத் தொட்டி சிறுநீர்ப்பை. அவுஸ்திரேலியாவின் நீர்சேமிக்கும் தவளை மழை ஓயும்போது பை முட்ட நிரப்பிக்கொண்டு மண்ணுக்குள் இறங்கி, தேவைக்கேற்ப அந்த நீரை மீள உடம்புக்குள் எடுத்துக்கொள்கிறது. அங்குள்ள ஆதிக்குடிகள் அதைத் தோண்டியெடுத்துப் பிழிந்து தாகம் தீர்த்தார்கள். இறங்கியதும் அது தன் தோலைப் படைபடையாக உரித்து உடம்போடு ஒட்டவிட்டு உறையாக்கும்; மூக்குத் துவாரம் மட்டும் திறந்திருக்கும். உங்கள் செதிலைவிட இது விசித்திரம். இதை எழுதுங்கள்.

அடுத்தது மூத்திரம். கதை எழுதுவோர் தொடாத இடம். பாலைவனத்தில் பிழைப்பதும் சாவதும் அங்கேதான். 1 கிராம் நைதரசன் கழிவை அமோனியாவாக வெளியேற்ற ஏறத்தாழ 500 மில்லிலீற்றர் நீர் போகும், யூரியாவாக 50, யூரிக் அமிலமாக 10. கணக்கைப் பார்த்ததும் பத்துக்குத்தான் கை போகும். மரத்தில் வெயில் காயும் தவளைக்கு அது சரி. தென்னமெரிக்காவின் சாக்கோ வரள்நிலத்து மரத்தவளை யூரிக் அமிலம்தான் கழிக்கிறது. தோலில் சுரக்கும் மெழுகைக் கைகால்களால் உடம்பெல்லாம் தடவியும் கொள்கிறது. ஆனால் புதைந்து கிடப்பதற்கு யூரியாதான் கைமுதல். வட அமெரிக்கச் சொனோரன் பாலைவனத்து மண்வெட்டித் தேரையின் பின்னங்காலில் கறுத்த அரிவாள் போன்ற தகடு ஒன்று உண்டு. அதனால் தோண்டிப் பின்பக்கமாகவே இறங்கும். மண் காயக் காய இரத்தத்தில் யூரியாவைச் சேர்க்கும். உடம்பு மண்ணைவிடச் செறிவாகிவிடுவதால் நீர் வெளியே போகாமல் உள்ளே வரும். உங்கள் தவளை மரத்திலா, மண்ணுக்குள்ளா? ஒன்றைத் தீர்மானியுங்கள்.

பெரிய சிக்கல் முட்டை. தவளை முட்டைக்கு ஓடு இல்லை. காய்ந்த மணலில் வற்றிப்போகும். அதிலிருந்து வரும் வாலுள்ள குஞ்சான வாற்பேய்க்குக் குட்டை வேண்டும். மண்வெட்டித் தேரை 8 நாளளவிலேயே முட்டையிலிருந்து தேரையாகிக் கரையேறக்கூடியது. அதற்கும் அந்த 8 நாள் தண்ணீர் தேங்கி நிற்கவேண்டுமே! மணற்காட்டில் பெய்வது அப்படியே கீழிறங்கிவிடும். ஆகவே தவளையைத் தரவை என்னும் திறந்த உவர் வெளிக்கு மாற்றுங்கள், வல்லை வெளிப் பக்கம். அங்கே நீர் தேங்கும், ஆனால் உவர். தென்கிழக்காசியாவின் நண்டுதின்னித் தவளை கண்டல் காட்டு உவர்நீரில் பிழைப்பதும் யூரியாவைத் தேக்கித்தான். ஆகவே மண்ணுக்குள் உதவும் அதே உபாயம் வளர்ந்த தவளைக்கு உவரிலும் உதவும். மணல்தான் வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தால் வாற்பேய்ப் பருவத்தையே நீக்குங்கள். நமது மழைக்காட்டுப் புதர்த்தவளைகள் முட்டைக்குள்ளேயே குட்டித் தவளையாகின்றன. அந்த முட்டைக்கும் ஈரம் வேண்டும். மணலுக்குள் ஈரம் காக்கும் ஆழத்தில் வையுங்கள்.

கி.பி. 2500 போதாது. சில நூறு தலைமுறைகளில் புதிய உறுப்பு முளைக்காது. இலட்சக்கணக்கில் ஆண்டுகளைக் கூட்டினால் கடல் குறுக்கே வரும், அதன் மட்டம் ஒரே இடத்தில் நிற்காது: 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் 120 மீற்றரளவு தாழ்ந்து, பாக்குநீரிணையே தரையாகக் கிடந்தது. நமது உலர் வலயத்தில் ஏற்கெனவே மண்ணுக்குள் புதையும் தவளைகள் இருக்கின்றன. அவற்றிலொன்றை மூதாதையாக்கினால் வேலை பாதியாகும்.

இன்னொன்று. பாலைவனம் என்றால் ஆண்டுக்கு 250 மில்லிமீற்றருக்குக் கீழ் மழை. யாழ்ப்பாணத்துக்கு 1,000க்கு மேல். ஐப்பசி, கார்த்திகை மாரியை எப்படி நிறுத்தினீர்கள் என்பதை முதல் பக்கத்திலேயே சொல்லிவிட்டு, திருத்திய பிரதியை அனுப்புங்கள்.