படிவத்தை அனுப்பும் முன்பே சரியான டாக்டரைத் தேடுங்கள்

கேள்வி: அமெரிக்காவில் விமானிப் பயிற்சியில் சேரப் போகிறேன். வயது 24. கல்லூரியில் படிக்கும்போது மனச்சோர்வுக்காக எட்டு மாதம் செர்ட்ராலின் மாத்திரை சாப்பிட்டேன். நிறுத்தி மூன்று வருடம் ஆகிறது. முதல் வகுப்பு மெடிக்கல் (விமானிக்கான உயர்நிலை உடல்தகுதிச் சான்றிதழ்) எடுக்க வேண்டும். ஒரு டாக்டர், "அதையெல்லாம் எழுதாதே" என்கிறார். இன்னொருவர், "உனக்கு மெடிக்கல் கிடைக்கவே கிடைக்காது" என்கிறார். இந்த மாதிரிச் சிக்கலுக்கென்று தனி டாக்டர் உண்டா? எப்படித் தேடுவது?

பதில்: இருவர் பேச்சையும் கேட்காதீர்கள்.

முதலாமவர் சொன்னது ஆபத்து. அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏ-வின் மெடிக்கல் படிவத்தில் 18-வது கேள்வி, கடந்த ஓரிரு வருடத்தைப் பற்றியதல்ல. அதில் உள்ள நோய்கள் வாழ்நாளில் எப்போதாவது இருந்தனவா என்பதே கேள்வி. தெரிந்தே பொய் எழுதினால் 2,50,000 டாலர் வரை அபராதம், ஐந்து ஆண்டு வரை சிறை என்று படிவத்திலேயே அச்சிட்டிருக்கிறார்கள். முன்னாள் ராணுவத்தினருக்கான ஊனத்தொகையை வாங்கிக்கொண்டு, அந்த நோயை மெடிக்கல் படிவத்தில் சொல்லாமல் விட்டார்களா என்று ஏறத்தாழ 4,800 விமானிகளின் பதிவுகளை எஃப்ஏஏ சரிபார்த்தது 2023-ல் வெளியே வந்தது. பல வருடம் பறந்தவர்கள் அவர்கள். மறைத்தது எப்போது வெளிவரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இரண்டாமவர் சொன்னது பழைய கதை. 2010 ஏப்ரலிலிருந்தே செர்ட்ராலின் உள்ளிட்ட சில மாத்திரைகளைச் சாப்பிட்டுக்கொண்டே, சிறப்பு அனுமதியின் பேரில் பறக்க வழி இருக்கிறது. நீங்களோ நிறுத்தி மூன்று வருடம் நலமாக இருக்கிறீர்கள். விதிப்படி நேரடியாகத் தகுதியிழக்கச் செய்யும் நிலைகள் 15. இருமுனை மனநோய், வலிப்பு, மாரடைப்பு எல்லாம் அதில் வரும். நீங்கள் சொல்லும் மாதிரியான மனச்சோர்வு அந்தப் பட்டியலில் இல்லை. பட்டியலில் இருப்பவர்களுக்கும்கூட சிறப்பு அனுமதி என்ற கதவு திறந்தே இருக்கிறது.

சரி, டாக்டருக்கு வருவோம். மெடிக்கல் பார்க்க எஃப்ஏஏ நியமித்தவர்களை ஏஎம்இ என்பார்கள். அவர்களில் பெரும்பாலோர் அன்றாடம் பார்ப்பது ஆரோக்கியமான விமானிகளை. 'சீனியர் ஏஎம்இ' என்ற பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். முதல் வகுப்பு மெடிக்கல் பார்க்கும் அதிகாரம் அவருக்கு உண்டு, அவ்வளவுதான். சிக்கலான கோப்புகளில் கைதேர்ந்தவர் என்று அதற்கு அர்த்தமில்லை.

நீங்கள் தேட வேண்டியது ஹிம்ஸ் ஏஎம்இ. ஹிம்ஸ் என்பது குடிப்பழக்கத்திலிருந்து மீளும் விமானிகளுக்காக 1970-களில் தொடங்கிய திட்டம். இன்று மனச்சோர்வு மாத்திரை எடுக்கும் விமானிகளையும் இந்த டாக்டர்கள்தான் கண்காணிக்கிறார்கள். மாத்திரையை விட்டுவிட்ட உங்களுக்கு ஹிம்ஸ் ஏஎம்இ கட்டாயம் என்று ஆகாமல் போகலாம். ஆனாலும் அவரிடமே போங்கள். உங்களுடையதைப் போன்ற கோப்புகள் அவர் மேசையில் தினமும் கிடக்கும். எஃப்ஏஏ இணையதளத்தில் அவர்கள் பட்டியல் இருக்கிறது. ஏஓபிஏ, ஈஏஏ போன்ற விமானிகள் அமைப்புகளும் உறுப்பினர்களுக்கு மருத்துவ ஆலோசனை தருகின்றன. பக்கத்தில் இருக்கிறார் என்பதற்காக ஒருவரைப் பிடிக்க வேண்டாம். காகிதங்களைத் தூரத்திலிருந்தே பார்க்கலாம். பரிசோதனைக்கு மட்டும்தான் நேரில் போக வேண்டும்.

போனில் இப்படிக் கேளுங்கள்: "என் மாதிரி ஆட்களை இந்த வருடம் எத்தனை பேரைப் பார்த்தீர்கள்? கோப்பு ஓக்லஹோமா சிட்டியில் உள்ள எஃப்ஏஏ மருத்துவப் பிரிவுக்குப் போன பிறகும் பின்தொடர்வீர்களா? பரிசோதனை இல்லாமல் ஆலோசனை மட்டும் தருவீர்களா?" கடைசிக் கேள்விதான் முக்கியம். மெடிக்கலுக்கு விண்ணப்பிக்கும் எஃப்ஏஏ-வின் மெட்எக்ஸ்பிரஸ் தளத்தில் படிவம் நிரப்பினால் ஓர் எண் வரும். அந்த எண்ணை வைத்து டாக்டர் உங்கள் படிவத்தைத் திறந்துவிட்டால், பிறகு பின்வாங்க முடியாது. சான்றிதழ் தருவது, எஃப்ஏஏ முடிவுக்கு ஒத்திவைப்பது, நிராகரிப்பது என்ற மூன்றில் ஒன்று நடந்தே தீரும். நிராகரிப்பு பதிவானால், கார் ஓட்டும் உரிமத்தை வைத்தே சிறு விமானம் ஓட்டும் ஸ்போர்ட் பைலட் வழியும் அடைபட்டுப் போகும். ஆகவே எண்ணைத் தராமல், முதலில் காகிதங்களை மட்டும் காட்டுங்கள். 'நிச்சயம் வாங்கித் தருகிறேன்' என்று உத்தரவாதம் தருபவரை விட்டு விலகுங்கள்.

எந்தக் காகிதங்கள்? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். சிகிச்சை தந்த டாக்டரிடம் போய், "இவர் நலமாக இருக்கிறார், விமானம் ஓட்டலாம்" என்று ஒரு வரி வாங்கி வருவார்கள். அதனால் பயனில்லை. ஓட்டலாமா என்பதை முடிவு செய்வது எஃப்ஏஏ. அவர்களுக்கு வேண்டியது விவரம்: என்ன நோய் என்று கண்டார், எந்தத் தேதியில் எத்தனை மில்லிகிராமில் தொடங்கினார், ஏன் நிறுத்தினார், நிறுத்திய பிறகு எப்படி இருந்தீர்கள், தற்கொலை எண்ணம் எப்போதாவது வந்ததா. கூடவே ஒவ்வொரு முறை போனபோதும் எழுதிய குறிப்புகளின் நகல்.

அந்தக் குறிப்புகளை அனுப்பும் முன் நீங்களே உட்கார்ந்து படியுங்கள். நான் பார்த்த ஒரு கோப்பில் கடிதம் 'ஒரே ஒரு முறை வந்த மனச்சோர்வு' என்றது. குறிப்பில் 'மீண்டும் மீண்டும் வரும் மனச்சோர்வு' என்று யாரோ அவசரத்தில் பதிந்திருந்தார்கள். இரண்டுக்கும் எஃப்ஏஏ நடத்தும் விதமே வேறு. அப்படி இருந்தால் மறைக்க வேண்டாம். எது சரி என்று அந்த டாக்டரிடமே விளக்கம் எழுதி வாங்குங்கள்.

முதல் பரிசோதனையிலேயே சான்றிதழ் கைக்கு வராமல் ஒத்திவைக்கப்பட்டால் பயப்படாதீர்கள். ஒத்திவைப்பு நிராகரிப்பு ஆகாது. மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம். மேலும் விவரம் கேட்டுக் கடிதம் வந்தால், கெடு முடிவதற்குள் எல்லாவற்றையும் ஒரே கட்டாக, டாக்டர் பார்த்த பிறகு அனுப்புங்கள். பாதி பாதியாக அனுப்பினால் ஒவ்வொரு முறையும் காத்திருப்பு நீளும். அப்புறம், இந்த இடைவெளியில் மனம் மறுபடியும் சோர்ந்தால் மெடிக்கலை நினைத்துச் சிகிச்சையைத் தள்ளிப் போடாதீர்கள். உங்கள் உடம்பும் மனமும்தான் முதலில்.

சான்றிதழ் வரும்வரை பயிற்சிப் பள்ளிக்கு முழுக் கட்டணத்தையும் கட்டிவிட வேண்டாம். பயிற்றுநரோடு சேர்ந்து பறந்து பழக மெடிக்கல் தேவையில்லை. தனியாகப் பறக்கத்தான் தேவை. அதுவரை வகுப்புக்கு வகுப்பு பணம் கட்டிப் பறந்து பாருங்கள்.